மாடுகளைக் கூப்பிட ஒரு மூச்சு

இன்று காலை வேலணைச் சந்தித் தேநீர்க் கடையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர் சோடாவைக் குழாயால் குடித்து முடித்துவிட்டு, விளையாட்டாக அதே குழாயால் போத்திலுக்குள் ஊதினார். அடியில் மிஞ்சிக் கிடந்த சோடா குமிழியிட்டுச் சத்தம் போட்டது. வடையைக் கடித்த வாயோடு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன அண்ணை, உறைப்போ என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ்ஸை எதிர்பார்ப்பவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கோபம் வந்தால் மறைக்கத் தெரியாத எனக்கு அழுகையை மறைக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது, பாரும்.

அந்தக் குமிழிச் சத்தத்தோடுதான் நீர் எனக்கு அறிமுகமானீர். கொரோனா வாட்டில் என் பக்கத்துக் கட்டில் உம்முடையது. காய்ச்சல் விட்டு, கிருமியும் போய்விட்டது என்று சொல்லி, ஒட்சிசன் குழாயைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் கட்டிலால் இறங்கிக் கழிவறைக்குப் போய் வருவதற்குள் நம் இரண்டு பேருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அப்போதுதான் அந்த இயன்மருத்துவப் பிள்ளை வந்தாள். இனி மருந்து இல்லை, பயிற்சிதான் என்றாள். தண்ணீர்ப் போத்திலுக்குள் குழாயை விட்டு ஊதச் சொன்னாள். மூக்கால் இழுத்து, தேத்தண்ணி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல விடச் சொன்னாள். குப்புறப் படுக்கச் சொன்னாள். சுவரைப் பிடித்து நடக்கச் சொன்னாள்.

தெற்கில் கடை நடத்தி நாலு பேரை வேலை வாங்கின மனிதன் நான். போத்திலுக்குள் ஊதவோ ஆஸ்பத்திரிக்கு வந்தனான் என்று எரிந்து விழுந்தேன். நீர் ஊதுவதை நிறுத்தி, ஆறுதலாக என் பக்கம் திரும்பினீர்.

"ஊதும் முதலாளி. ஆக்களைப் பேய்க்காட்டிச் சாமான் வித்த வாய்தானே, கொஞ்சம் உழைக்கட்டும்."

அன்றிலிருந்து நான் உமக்கு முதலாளி, நீர் எனக்கு நெடுந்தீவார். பெயரை இருவருமே பாவித்ததில்லை.

ஒருநாள் அந்தப் பிள்ளை, சுகமானபிறகு எதைச் செய்ய வேண்டும் என்று ஆசை, அதை நோக்கித்தான் பயிற்சி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் கோயில் வீதியைச் சுற்றி வர வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீர் யோசிக்கவே இல்லை.

"மாடு கூப்பிட வேணும், பிள்ளை."

வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. பிறகுதான் விளங்கப்படுத்தினீர். நெடுந்தீவில் மாடுகள் கட்டி வளர்க்கிறவை இல்லை. பகல் முழுதும் தரவை வெளியில் தம் பாட்டில் மேயும். கோடையில் புல் கருகி, குட்டைகள் வற்றிவிட்டால், கிணற்றால் அள்ளி நிரப்புகிற தொட்டிதான் அவற்றுக்குத் தண்ணீர். பொழுதுபட நீர் வேலியடியில் நின்று ஒரே மூச்சில் நீளமாக ஒரு 'ஓ' போட்டால், எங்கே நின்றாலும் வரும். வேறு யார் கூப்பிட்டாலும் நிமிர்ந்தும் பாராது. மருமகன் கடல் தொழிலுக்குப் போகிறவர், அவருக்குத் தேடித் திரிய நேரமில்லை. கோடை பிறக்குமுன் அந்த மூச்சு திரும்பாவிட்டால் மாடுகள் தரவையிலேயே விடாய்த்துச் சாகும் என்றீர். அதைச் சொல்லி முடிக்கவே உமக்கு மூன்றிடத்தில் நின்று மூச்செடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம்முடைய சனத்தின் அன்பு இருக்கிறதே, அது ஆளைக் கிடத்திவிடும். ஆஸ்பத்திரியால் வந்தவரைக் காலை நிலத்தில் வைக்க விடமாட்டார்கள். உம் மகள் உம்மைக் கட்டிலில் ஏற்றினாள். சொந்தக்காரர் அப்பிளும் முந்திரிகையும் கொண்டுவந்து சுற்றிவர இருந்து, கதைக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே உம்மைக் கதைக்க வைத்தார்கள். கனடாவில் இருக்கும் மகன் வீடியோவில் வந்து, அப்பா அசையக்கூடாது, மாடுகளை வித்துவிடுங்கோ என்றான். எனக்கு வந்ததே கோபம். தொலைபேசியில் உம் மகளைக் கூப்பிட்டு, பிள்ளை, அவரைப் படுக்க வைத்தே முடிக்கப்போகிறீரோ என்று கேட்டுவிட்டேன். பாவம், அவள் அழுதாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு எப்படி மாமா நடக்க விடுகிறது என்று கேட்டாள்.

நீர் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. வளவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத்தால் நழுவி, கல்வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தீர். களைத்தால் வேலியில் சாய்ந்து, உதட்டைக் குவித்துத் தேத்தண்ணி ஆற்றுவதுபோல மூச்சு விட்டீர். ஒருநாள் அயலார் கண்டு, உங்கள் அப்பா வேலியோடு கதைக்கிறார் என்று மகளிடம் கோள் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லி நீர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் சிரிப்பு வந்து, தொலைபேசியை வைத்துவிட்டீர். ஆனால் மாடுகளுக்காக நீர் களவாக நடந்து பழகுவதை அன்றைக்குத்தான் மகளும் விளங்கிக்கொண்டாள். பிறகு அவளே உமக்குப் பக்கத்தில் நடந்தாள்.

காலைப் பயிற்சியைத் தொலைபேசியில் சேர்ந்து செய்யலாம் என்று சொன்னது நீர்தான். தனியச் செய்தால் முதலாளி களவடிப்பார் என்று உமக்குத் தெரியும். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில், நீர் வளவில். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து விடுவோம். பிறகு நீர் அந்த 'ஓ'வைத் தொடங்குவீர். வெறுமனே ஊதுவதிலும் பார்க்க இது மேல் என்று என்னையும் கூடப் போடச் சொன்னீர். வேலணையில் மாடே இல்லாத வீட்டில் விடிய எழும்பி மாடு கூப்பிட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி முதலில் பயந்தாள், பிறகு பழகிவிட்டாள். உம் குரல் எங்கே ஏறும், எங்கே தளரும், எங்கே கடைசியில் ஒரு சின்ன இழுப்பு வரும் என்று எல்லாம் எனக்குப் பாடமானது. உமக்கு நடுவில் அறுந்தால் நானும் நிறுத்திவிடுவேன். திரும்பத் தொடங்குவோம்.

கோடை தொடங்கி ஒரு பின்னேரம் நீர் தொலைபேசி எடுத்தீர். தூரத்தில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உம் குரல் வந்தது.

"வந்திட்டுதுகள் ஐசே."

அன்று நான் அடைந்த சந்தோசம் என் கடையில் நல்ல வியாபாரம் நடந்த எந்த நாளிலும் அடைந்ததில்லை.

முந்திய நீளம் உமக்குத் திரும்ப வரவேயில்லை. நெஞ்சில் வடு இருக்கிறது, அது ஆறாது என்று சொல்லியிருந்தார்கள். சத்தம் எட்டாத மிச்சத் தூரத்தை நடந்து போய் நின்று கூப்பிட்டீர். அப்படியே சில கோடைகள் போயின. காலைப் பயிற்சியை இருவரும் ஒருநாளும் விடவில்லை. இந்த வருடச் சோளகக் காற்றில் உமக்கு மறுபடியும் காய்ச்சல். கடல் கொந்தளித்துப் படகும் ஓடவில்லை. ஒருவழியாக உம்மை இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தும், அந்த நெஞ்சு இன்னொரு காய்ச்சலைத் தாங்கவில்லை. ஒரு காலை நான் குசினியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். மகள்தான் எடுத்து, அப்பா போயிட்டார் என்றாள். உம்மைத் திரும்ப ஊருக்குக் கொண்டுபோன படகில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. முகம் பார்க்காமலே விட்டுவிட்டேன், நெடுந்தீவார். அது எனக்கு ஆறவே இல்லை.

போன கிழமை உம்முடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தேன். குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்போதே மூச்சு வாங்கியது, உதட்டைக் குவித்துச் சமாளித்தேன். பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, சனம் கலைந்தது. பொழுதுபட உம் மகள் தொட்டியை நிரப்பிவிட்டு வேலியடியில் நின்றாள். நீர் போனபிறகு மாடுகள் கூப்பிட்டாலும் வருவதில்லையாம். மருமகன் கடலால் வந்து, இருட்டுமுன் தேடிச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்தால்தான் தண்ணீராம். ஒன்று தரவையில் செத்தும் போயிற்றாம்.

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூக்கால் இழுத்தேன். நாமிருவரும் காலையில் போட்ட அந்த 'ஓ'வை, உமக்கு ஏறும் இடத்தில் ஏற்றி, தளரும் இடத்தில் தளர்த்தி, கடைசி இழுப்போடு விட்டேன். முதல் தரம் நடுவில் அறுந்தது. நின்று, திரும்பத் தொடங்கினேன். இந்த முறை முழுவதும் போயிற்று. நீர் திரும்ப எட்ட ஆசைப்பட்டும் எட்டாத நீளம் அது.

தரவையின் தூரத் தொங்கலில் ஒரு வெள்ளைப் பசு தலையை நிமிர்த்தியது. பிறகு மற்றவையும் நிமிர்ந்தன. ஓட்டமும் நடையுமாக வந்து தொட்டியைச் சுற்றி நின்று குடித்தன. உம் மகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் வந்துவிட்டன. கூப்பிட வேறு ஒன்றும் மிச்சமில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வேலியில் சாய்ந்தாள்.

"மாமா, இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

எனக்கு மூச்சு இருந்தது. கூப்பிட்டேன்.