மேலக்கரையில் இடுப்பளவு

மே 9, சனி

விடியும்போதே அனல். கரண்ட் இரண்டு தடவை போனது. பேத்தி ஜெனி காலேஜில் படிக்கிறவள். என் போனில் இதைச் சொல்லிக் கொடுத்தாள். பேசினால் எழுத்தாகிறதாம். ஊர்ப்பேச்சு அதற்குப் புரியாதாம், கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் பேச வேண்டுமாம். பேசுகிறேன். என்ன விழுகிறதோ, எனக்குப் படிக்கத் தெரியாது.

மகள் ரெஜினா, மருமகன் அமல்ராஜ், ஜெனி, மூவரும் நேற்று சென்னையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முதுகு முழுக்க வேர்க்குரு.

"எங்கயாவது தண்ணில கெடக்கணும் மாமா, எருமை மாதிரி."

எங்கே போவது. ஆற்றில் வெறும் மணல். மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம். வாய்க்காலில் ஆட்டுப் புழுக்கை. போர்செட் தொட்டியில் நமக்கு முன்னால் பத்துப் பேர். டவுனில் நீச்சல் குளம் இருக்கிறது, தலைக்குத் தொப்பி போட்டால்தான் விடுவார்களாம். மாப்பிள்ளை சிரித்தார்: "தொப்பி போட்டுக் குளிக்கிறதுக்கு இங்கயே வேத்துக்கிட்டு ஒக்காந்துடலாம்."

ஊர்க்குளத்தைச் சொன்னேன். மீன் குத்தகைக்காரர் மோட்டார் போட்டு நிரப்பி வைத்திருக்கிறார்.

மே 10, ஞாயிறு

பூசை முடிந்து குளம் பார்க்கப் போனோம். நம் தெருப் பக்கம் கீழ்க்கரை, மாடு இறங்கும் சரிவு. போன வருஷம் தூர் வாருகிறோம் என்று ஜேசிபி வைத்து மண் அள்ளிய பள்ளம் அங்கேதான். வேண்டாம் என்று மேலக்கரைக்கு அழைத்துப் போனேன். கருங்கல் படி.

நான் சின்னவனாக இருந்தபோது அந்தப் படியில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. கீழ்க்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டே பார்ப்போம். மிராசுதார் வீட்டு ஆண்கள் ஏழெட்டுப் பேர், வரிசையாக, இடுப்பளவுத் தண்ணீரில். யார் காதில் என்ன கடுக்கன் என்பதுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வீடுகள் இப்போது பூட்டு.

"எனக்கு நீச்சல் தெரியாது. ஆழமா மாமா?"

"இடுப்பளவுதான் மாப்ளே."

"இந்தக் கரையில நம்ம எறங்கலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"எவன் கேப்பான்? ராஜா மாதிரி எறங்குங்க."

அதைச் சொன்னபோது அவ்வளவு சந்தோஷம் எனக்கு. நாளைக் காலை குளிக்கிறோம்.

மே 11, திங்கள்

அமல்ராஜ் இறந்துபோனார்.

நான் கரையில், அவர் சட்டை என் கையில். மூன்று படி இறங்கினார். இடுப்பளவு. "ஐஸ் மாதிரி இருக்கு மாமா." இரண்டு எட்டு நடந்தார். அடுத்த எட்டில் இல்லை. ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

நானும் இறங்கினேன். அதே இடத்தில் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மீன்காரர்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவரை வலை போட்டு எடுத்தார்கள்.

மே 13, புதன்

நேற்று ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துக் கொடுத்தார்கள். இன்று அடக்கம். வெயில். வந்தவர்களுக்கு மோர். ஜெனி அழவேயில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஒருத்தி: "மெட்ராஸ்காரருக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்."

அண்ணன் மகன் சேவியர் காதோடு சொன்னான்: "ஜேசிபி பள்ளம்தான் சித்தப்பா. அந்தக் கான்ட்ராக்டர விடக் கூடாது. கேஸ் போடணும்."

ஜேசிபி மேலக்கரைப் பக்கம் வரவே இல்லை. கல்படி இருப்பதால் இறக்க முடியாது என்று டிரைவர் என்னிடமே சொன்னான்.



மே 15, வெள்ளி

மூங்கில் கழியோடு தனியாகப் போனேன். மூன்றாம் படிக்குக் கீழே நீளமாகக் கல் மேடை. நான்கு முழ அகலம். அதில் நின்றால் இடுப்பளவு. அதைத் தாண்டிக் குத்தினேன். கழி முழுக்கப் போயிற்று, தரை தட்டவில்லை.

அவர்கள் அத்தனை பேரும் அந்த மேடையில் நின்றுதான் குளித்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் குளமே இடுப்பளவு.

மே 16, சனி

சேவியர் மனு எழுதிக்கொண்டு வந்தான். கலெக்டருக்கு. படித்துக் காட்டினான். "நான் பிறந்தது முதல் மேலக்கரையில் குளித்து வருபவன். ஜேசிபி வந்த பிறகே ஆழமானது."

"கைநாட்டு வைங்க சித்தப்பா. ஒங்க ஞாபகத்த ஊரே நம்பும்."

அவனே என் கட்டைவிரலில் மை தடவினான். எதிரே ரெஜினா, சுவரில் சாய்ந்து.

"நான் மேலக்கரையில ஒரு நாளும் குளிச்சதில்ல. அங்க யாரும் தோண்டவும் இல்ல," என்றேன்.

"அதெல்லாம் யாரு கேக்கப்போறா? வைங்க."

ரெஜினா கேட்டாள்: "அப்ப இடுப்பளவுன்னு எப்படிப்பா சொன்னீங்க?"

"பாத்திருக்கேம்மா."

"எங்கேருந்து?"

"மாடு குளிப்பாட்டுற எடத்துலேருந்து."

சேவியர் பேனாவை மூடினான். ரெஜினா மனுவை வாங்கி நான்காக மடித்தாள்.

"ஜெனிகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது."

உள்ளே போய்விட்டாள். ஜெனி கொல்லையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விரல் மையைத் துடைக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.