கூடற்றுறைப் பூவியின் ஆறு கதவு வீடு

நலம் பெருகுக. நீர்வளமும் நெறிவளமும் குன்றாத ஆழிவள நாட்டை அறம் பிழையாது ஆளும் சேந்தன் பெருவேளார் திருவாணையைத் தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சன் சாத்தன் விழுப்பரையன், வடகரை முள்ளிப்பட்டினத்தின் காவல் பூண்ட அரையன் மாறனார்க்கு விடுக்கும் திருமுகம். உம் துறையில் பாய் விரித்த கலங்கள் பழுதின்றி அணைக. உம் கிணறுகள் கோடையிலும் தித்திக்க. உம் ஊர்க் குழந்தைகள் வயிறு நிறைந்து உறங்குக. இங்கு பெருமகனார் நலம். அரண்மனை யானைக்கு வந்த கால்வீக்கம் வடிந்தது என்பதையும் உம் அன்பு கருதி எழுதுகிறோம்.

நீர் விடுத்த ஓலை அவையில் படிக்கப்பட்டது. கடல் கடந்து வரும் குதிரை வணிகர் தங்குதற்கு எழுபது அறைகளும் சிற்பத் தூண்களும் கொண்ட மாளிகை ஒன்றை எழுப்ப வேண்டும் என்றும், அதனை ஒரே கூட்டத்தார்க்கு மொத்தமாக வாடகைக்கு விட்டால் கருவூலத்துக்கு ஆண்டுதோறும் வருவாய் தவறாது என்றும், அதற்கு ஆயிரத்து இருநூறு பொன் தருக என்றும் கேட்டிருந்தீர். கேள்வி நன்று. ஆயினும் விடை கூறுமுன், கூடற்றுறையில் பூவி என்பாளுக்கு நேர்ந்ததை நீர் முழுதும் அறிய வேண்டும் எனப் பெருமகனார் விரும்பினார். ஆதலின் சற்றே நீளமாக எழுதுகிறோம், பொறுத்துப் படித்தருள்க.

பூவியும் அவள் கணவன் கண்டனும் கூடற்றுறை ஆற்றில் இருபது ஆண்டு தோணி விட்டவர்கள். அவ்வாற்றுக்குக் குறுக்கே அரசர் கற்பாலம் கட்டியபோது அவர்கள் தொழில் நின்றது. நின்ற தொழிலுக்கு ஈடாக இருநூறு பொன் கொடுக்கப்பட்டது. பொன் வீட்டுக்கு வந்த நாள்முதல் அவ்வீட்டில் அறிவுரைக்குக் குறைவில்லை. மாடு வாங்கு என்றார் ஒருவர். மகளுக்கு நகை செய் என்றார் இன்னொருவர், அவர்களுக்கு மகளே இல்லை என்பதை மறந்து. கண்டனுக்கோ தன் தாய் பிறந்த ஊரில் நாலு வேலி நஞ்சை வாங்கி, வரப்பில் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. வணிகர் குழுத்தலைவர் எழினிச் செட்டியார் அப்போது துறைமுகத் தெருவில் முப்பது அறை மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் பங்கு சேர்ந்தால் உட்கார்ந்த இடத்தில் வருவாய் வரும் என்று அவர் ஆளனுப்பிச் சொன்னார்.

பூவி எவர்க்கும் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் மனத்தில் வேறொன்று ஓடியது. இருபது ஆண்டும் அவள் தோணியில் விடியலில் ஏறி அந்தியில் இறங்கியவர்கள் யார் யார் என்பதை அவள் அறிவாள். கயிறு திரிப்பவர்கள், முத்துக்குத் துளையிடும் பெண்கள், துலாக்கோல் பிடிப்பவர்கள், பண்டசாலைக் கணக்கர்கள். கூலியில் ஒரு பங்கைத் தோணிக்குக் கொடுத்துவிட்டு, மழை நாளில் உப்புப் பண்டசாலைத் தாழ்வாரத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்கள் அவர்கள். துறையில் வேலை இருந்தது. குடியிருக்கத்தான் இடம் இல்லை. பெரிய வீடுகள் அவர்களுக்கு எட்டா. சத்திரத்திலோ மூன்று நாளுக்குமேல் விடார். ஓர் அறையும் ஓர் அடுப்பும் தனக்கென ஒரு கதவும் கிடைத்தால் இவர்கள் மாதந்தோறும் வாடகையைத் தேடிவந்து தருவார்கள் என்று அவள் கணித்தாள்.

கயிற்றுச்சாலைக்குப் பின்னால் ஒரு மனை கிடந்தது. பள்ளம் என்று யாரும் தொடாத மனை. பூவி விலை பேசுமுன் அதில் ஒரு குழி வெட்டக் கேட்டாள். எட்டு முழத்தில் நீர் ஊறியது. அள்ளிக் குடித்துப் பார்த்தாள், உப்புக் கரிக்கவில்லை. அன்றே முன்பணம் கொடுத்தாள்.

கண்டன் பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று மனைப்பக்கம் போனவன், கொத்தன் படிக்கட்டை உயரம் தப்பாக வைத்திருப்பதைக் கண்டான். சுமையோடு ஏறுகிறவன் முழங்கால் என்ன ஆகும் என்று கொத்தனிடம் சண்டைக்குப் போனான். அன்று மாலை சுண்ணாம்புக் கையோடு வீடு திரும்பினான். அதன்பின் வீடு முடியும்வரை அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

வீடு பெரிதன்று. கீழே மூன்று குடி, மேலே மூன்று குடி, வெளிப்புறம் ஒரு படிக்கட்டு, நடுவில் கிணறு. குடி வைக்குமுன் பூவி ஒவ்வொருவரையும் பற்றி அவர்கள் முன்பு இருந்த இடத்தில் போய் விசாரித்தாள். கயிறு திரிக்கும் இரு குடும்பத்தார் வந்தனர். முத்துக்குத் துளையிடும் நீலி, தன் தங்கையோடு வந்தாள். ஒரு கணக்கர், ஒரு சமையல்காரர். ஆறாவதாக வந்த ஆதன், துலாக்கோல் பிடிப்பவன், நல்லவன். ஆனால் விடியலில் கிணற்றடியில் குளிக்கும்போது உரத்துப் பாடுவான். பாட்டு என்று அவன்தான் சொன்னான். மற்ற ஐந்து குடியும் முறையிட்டபோது பூவி அவனை விரட்டவில்லை. கயிற்றுச்சாலையை ஒட்டிய அறைக்கு மாற்றி, அப்பக்கத்துச் சுவரோரம் அவனுக்கெனத் தனியாக ஒரு தொட்டி வைத்தாள். அங்கே சக்கரங்களின் ஓசையில் அவன் குரல் அமிழ்ந்துபோயிற்று. அவனுக்கும் மகிழ்ச்சி, அவர்களுக்கும் நிம்மதி.

அவளும் பிழை செய்யாமல் இல்லை. இரண்டாம் ஆண்டு, அடுத்த வீட்டுக்குப் பொன் சேர்க்கும் ஆவலில், கூரைத்தளத்துக்குச் சுண்ணாம்பு பூசுவதைத் தள்ளிப்போட்டாள். ஐப்பசி மழை அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேல் மூன்று குடியிலும் நீர் ஒழுகிற்று. நீலியின் தங்கை பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். தொட்டிலில் நீர் சொட்டுவதைப் பூவி தன் கண்ணாலேயே பார்த்தாள். அம்மாத வாடகையை அவளே திருப்பிக் கொடுத்தாள். மூன்று குடியையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஒன்பது நாள், அந்தச் சிறு வீட்டில் பதினொருவர் உண்டு உறங்கினர். கண்டன் இடமின்றித் தன் பழைய தோணியில் போய்ப் படுத்தான். மழை விட்டுத் தளம் செப்பனிட்டபின் மூன்று குடியினரும் தத்தம் அறைக்குத் திரும்பினர். ஒருவரும் வேறிடம் தேடவில்லை. அன்றுமுதல் வரும் வாடகையில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென ஒரு பானையில் இட்டு, அதன் வாயை மண்பூசி அடைத்தாள். அதன்பின்னரே வீட்டுச் செலவு, அதன்பின்னரே அடுத்த மனை. மூன்றாம் ஆண்டு முடிவில் அதன் அருகே இரண்டாவது ஆறு கதவு வீடு எழுந்தது.

எழினிச் செட்டியாரின் மாளிகையும் அதற்குள் எழுந்திருந்தது. முப்பது அறையும் ஒரே குதிரை வணிகக் கூட்டத்தாரிடம் வாடகைக்குப் போயின. இரண்டாண்டு பொன் கொட்டிற்று. தெருவே அம்மாளிகையை அண்ணாந்து பார்த்தது. ஐந்தாம் ஆண்டு கடலுக்கப்பால் போர் மூண்டது. குதிரைக் கலங்கள் வருவது நின்றது. ஒருநாள் காலையில் அக்கூட்டத்தார் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போயினர். முப்பது அறையும் ஒரே நாளில் வெறுமையாயின.

அவ்வாண்டு பூவிக்கும் எளிதாக இல்லை. சரக்கு வராததால் துலாக்கோலுக்கு வேலையில்லை. ஆதன் தன் ஊருக்குப் போனான். கணக்கரும் போனார். பன்னிரண்டு கதவில் இரண்டு மூடின. ஆனால் மீன் படகுக்குக் கயிறு வேண்டியிருந்தது. கயிறு திரிப்பவர்கள் இருந்தார்கள். கூலி குறைந்தவர்களுக்கு அவளாகவே வாடகையில் கால் பங்கைக் குறைத்தாள். கண்டன் கவலைப்பட்டான். அவளோ, குறைந்த வாடகை வரும், மூடிய கதவிலிருந்து எதுவும் வராது என்று சொல்லிவிட்டாள். இரண்டு திங்களில் ஒரு மருத்துவச்சியும், எண்கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரும் அவ்விரு கதவுகளைத் திறந்தனர்.

அப்போதுதான் இடர் வந்தது. எழினிச் செட்டியார், மாளிகை வெறுமையாகிக் கிடக்கும் வருத்தத்தில், வணிகர் குழுவின் பெயரால் அரசர்க்கு முறையீடு விடுத்தார். தோணிக்காரர்க்கு மேல்தளம் கட்டும் உரிமை முன்னோர் வழக்கில் இல்லை என்றும், குறைந்த வாடகையால் துறைக்கு வரும் மக்களை அவள் கவர்கிறாள் என்றும், இரு வீடுகளின் மேல்தளத்தையும் இடித்து அகற்ற வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். சேதி கேட்ட நாள் பூவி உண்ணவில்லை. ஆறு அடுப்பு அணைந்துவிடுமே என்ற கவலை அவளைத் தின்றது. ஆயினும் குடியிருப்பவர்களிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. வேறிடம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எவரும் பார்க்கவில்லை.

பெருமகனார் எம்மையே நேரில் போய்ப் பார்க்கப் பணித்தார். போனோம். படியேறினோம்; முழங்கால் வலிக்கவில்லை. கிணற்று நீரைக் குடித்தோம். மேல்தளத்தில் நின்றபோது, எதிரே எழினியாரின் மாளிகை பூட்டிக்கிடப்பதும், இரு வீட்டின் பன்னிரண்டு அடுப்பிலும் புகை எழுவதும் ஒருசேரத் தெரிந்தன. இரு தரப்பையும் கிணற்றடியில் வைத்தே விசாரித்தோம். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறோம். முதலில் கண்டன் முன்வந்து நின்றான்.

“ஐயா, இந்த வீடு வேண்டாம்னு சொன்னவன் நான்தான். இப்ப இதுல ஒரு கல்லை எடுக்கணும்னா, என்னை எடுத்துட்டு எடுங்க” என்றான்.

எழினியார், தம் மாளிகை இவள் வீட்டைவிடப் பன்மடங்கு சிறந்ததாயிருந்தும் வெறுமையாகக் கிடப்பது எந்த நீதி என்று கேட்டார். பூவி அவரைப் பார்த்துக் குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

“செட்டியாரே, உங்க மாளிகையில ஒருத்தர் எந்திரிச்சுப் போனா முப்பது அறையும் காலி. என் வீட்டுல ஒருத்தர் போனா, மத்த அடுப்பெல்லாம் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். நான் உங்க ஆளை இழுக்கல. உங்ககிட்ட வரவே முடியாதவங்கதான் என்கிட்ட இருக்காங்க.”

முன்னோர் ஏடுகளைப் பார்த்தோம்; அப்படியொரு தடை எங்கும் இல்லை. முறையீட்டைத் தள்ளினோம். அதனோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் நாம் திரும்பும் வழியில் பாலத்தைக் கடக்குமுன், பூவி தானே எழினியார் வாயிலுக்குப் போனாள் என்று அறிந்தோம். சிற்பத் தூண்களை ஒன்றும் செய்ய வேண்டா, இடையிடையே சுவர் எழுப்பி இரண்டிரண்டு அறையாகப் பிரித்து, குடிக்கு ஓர் அடுப்பும் தெருவுக்குத் தனிக் கதவும் வைத்தால் பதினைந்து குடி வாழும் என்று அவள் சொன்னாளாம். இதைச் செய்து தரக் கட்டணம் என்ன கேட்பாய் என்றாராம் எழினியார். வாடகையில் பத்தில் ஒன்று என்றாள் அவள். இன்று அம்மாளிகையில் பதினான்கு குடி இருக்கின்றன. யாளித் தூண்களுக்கிடையே மீன்வலை காய்கிறது. செட்டியார் முதலில் முகம் சுளித்தார். இப்போது மாதத் தொடக்கத்தில் வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்து குடிகளின் நலம் விசாரிக்கிறார் என்று கேள்வி.

பாலம் வந்தபின் கயிற்றுச்சாலைப் பக்கமே ஊர் வளர்ந்ததால், பள்ளம் என்று கழித்த அந்த மனை இன்று அவள் வாங்கியதைப்போல் நான்கு மடங்கு பெறும். பெருமகனார் இதனையெல்லாம் கேட்டு வெகுவாக மகிழ்ந்து, பூவியை அவைக்கு அழைத்து நங்கை என்னும் பட்டம் ஈந்தார். அவ்வேளையில்தான், மாறனாரே, உம் ஓலை வந்தது.

ஆகையால் ஆணையாவது: எழுபது அறை மாளிகைக்குப் பொன் இல்லை. அதற்கு மாறாக, எட்டுக் கதவு வீடுகள் நான்கு கட்டுக. முதல் வீடு நிறைந்தபின்னரே இரண்டாவதற்கு அடித்தளம் தோண்டுக. வாடகையில் பழுதுபார்ப்புப் பங்கை எக்காரணத்துக்காகவும் தொடற்க. நாமே ஓலை விடுத்துக் கேட்டாலும் கொடாதிருக்க. இதற்கென முந்நூறு பொன் இத்துடன் வருகிறது. பூவி நங்கையாரும் தம் பொன் ஐம்பதைச் சேர்த்திருக்கிறார். வருவாயில் அவர்க்குரிய பங்கு குறையாது சேர்க.

இவ்வோலையைக் கொண்டுவருபவரும் அவரே. கணவரும் உடன் வருகிறார். குடையும் முரசும் வேண்டா; வந்த களைப்பு நீங்கச் சூடாகச் சோறிட்டு, பின்னர் அவர் காட்டச் சொல்லும் இடத்தைக் காட்டுக. மனை தேர்வதில் அவரோடு வாதிட வேண்டா. படிக்கட்டு பற்றிக் கண்டனார் சொல்வதைக் கொத்தர்கள் கேட்பார்களாக.

சங்கும் துடுப்பும் பொறித்த அரக்கு முத்திரை இட்டு, பெருமகனார் அரியணை ஏறிய பதினேழாம் ஆண்டு தைத் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள் இது விடுக்கப்பட்டது. உம் ஊர் நிறைக, நிறைந்தோர் வாழ்க.

முத்திரை இட்டபின் ஒன்று தெரியவந்தது, ஓரத்தில் எழுதுகிறோம். முள்ளிப்பட்டினத்திலிருந்து வரும் படகோட்டிகள் வாயிலாகப் பூவி நங்கையார் ஏற்கெனவே விசாரித்து முடித்திருக்கிறார். இன்னும் கல் வைக்காத முதல் வீட்டின் எட்டுக் கதவுக்கும் ஆள் சொல்லியாயிற்று. அவர்களில் ஒருவர், மனைவி மக்களோடு ஆறாண்டாக உம் கோட்டை மதிலோரம் கீற்றுக் கொட்டகையில் குடியிருக்கும் உம் வாயிற்காவலர். உம்மிடம் கேளாமல் வாக்குக் கொடுத்தார் என்று அக்காவலரைக் கடிந்துகொள்ள வேண்டா. கிழக்குப் பார்த்த கதவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதனைக் கொடுத்தருள்க.