புளி போட்டுத் தேய்த்த விரல்கள்

மாப்ளே,

கொல்லையில் துவைகல்லின் ஓரமாக ஒரு உருண்டைப் புளி கிடக்கிறது. நேற்று உன் அக்கா குத்துவிளக்கைத் தேய்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டாள். களிம்பு ஏறிப் பச்சையும் கறுப்புமாகக் காய்ந்திருக்கிறது. காலையில் பல் தேய்க்கப் போனவன் அந்த வாசனையில் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டேன். யாருக்கும் அந்த வாசனை வெள்ளிக்கிழமை விளக்கைத்தான் நினைவுபடுத்தும். எனக்கு உன் கை ஞாபகம் வந்தது.

விளக்கு தேய்த்ததற்குக் காரணம் உண்டு. நேற்றுச் சாயங்காலம் உன் மருமகளை, என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். உன் தோளில் உட்கார்ந்துகொண்டு, திராட்சைப் பந்தலில் தலை இடிக்க இடிக்கப் பழம் பறித்தாளே, அவளைத்தான். படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள் இப்போது. வந்தவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் சுற்றி வளைக்கிறேன். "மச்சான் விசயத்துக்கு வர்றதுக்குள்ள அழகர் ஆத்துல எறங்கிட்டு மலைக்கே திரும்பிருவாரு" என்று நீ கேலி செய்வாய். செய்துகொள். இன்றைக்கு என்ன சொன்னாலும் எனக்குத் தகும்.

இதே கொல்லையில், இதே துவைகல்லின் மேல்தான் உன்னை உட்கார வைத்திருந்தோம். திருவாதவூருக்கு உனக்குப் பெண் பார்க்கப் போகிற நாள். பத்து மணிக்குள் குளித்து உடுத்தித் தயாராக இருக்கச் சொல்லியிருந்தேன். நீயோ தோட்டத்திலிருந்து நேராக இந்த கே.கே. நகர் வீட்டுக்கு வந்து நிற்கிறாய். முந்தின நாள் ராத்திரி தூறிவிட்டதாம். தூறலுக்கு மறுநாள் மருந்தடிக்காமல் விட்டால் இலையில் சாம்பல் பூத்துவிடும், பெண்ணை நாளைக்குக் கூடப் பார்க்கலாம் என்றாய். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்ததில் பனியன் நீலம், முழங்கை நீலம், நகக்கண் எல்லாம் நீலம். கிருஷ்ணர் வேஷத்தைப் பாதியில் கலைத்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தாய்.

நான்தான் புளியைக் கொண்டுவரச் சொன்னேன். உன் அக்கா ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, பித்தளைச் சாமானைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தோம். வெடிப்புகளில் புளி இறங்கி எரிந்திருக்கும். நீ சிரித்துக்கொண்டே, "யக்கா, பொண்ணு என்னையக் கட்டிக்கப் போகுதா, இல்ல பூசைக்கு வைக்கப் போகுதா?" என்று கேட்டாய். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உன் விரலில் நீலம் போகப்போக எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

காலம் அப்படி இருந்தது என்று சொல்லலாம். ஏதோ ஒரு ஆபீசில் பியூனாக இருந்தாலும் பெண் கொடுத்தார்கள், தோட்டக்காரன் என்றால் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களே தோட்டம் வைத்திருப்பவனுக்குப் பெண் தரத் தயாராக இல்லை. உனக்கு மூன்று வருஷமாகத் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஒன்றரை ஏக்கரில் உன் அய்யா ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். பிறகு அதையே வாங்கினார். நீ அதில் கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, பன்னீர்த் திராட்சைக் கொடியை ஏற்றினாய். "கம்பம் பக்கந்தான்ப்பா தெராட்ச காய்க்கும், இங்க கானல்தான் காய்க்கும்" என்று ஊரே சிரித்தது. காய்த்தது. காய்த்த பிறகும் நீ தோட்டக்காரன்தான்.

காய்த்தாலும் நிலைக்க வேண்டுமே. பழம் நிறம் மாறுகிற நேரம் பார்த்து, வரக்கூடாத மாதத்தில் மழை வரும். தோல் வெடித்துப் பந்தலடியெல்லாம் ஈ மொய்க்கும். மழை தப்பினால், வடக்கேயிருந்து விதையில்லாப் பழம் லாரி லாரியாகச் சிம்மக்கல் மண்டியில் வந்து இறங்கும். அதன் பளபளப்புக்கு முன்னால் உன் பழத்தைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கிணறு வற்றிப் போய் போர்வெல் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் உன்னைவிட ஆழமாகப் போட்டார், நீ அவரைவிட ஆழமாகப் போட்டாய். "தண்ணி கீழ போயிக்கிட்டே இருக்கு மச்சான், நானும் பின்னாடியே போறேன்" என்றாய் ஒருநாள். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். அதற்குள் உன் தோட்டத்துக்கு மூன்று பக்கமும் வெள்ளையடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட் என்று போர்டு வைத்துவிட்டார்கள்.

வெடித்த பழத்தை என்ன செய்வது என்று நீ தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒயின் வியாபாரி வந்தார். அவருக்குப் பளபளப்பு வேண்டாம், சாறும் வாசனையும் போதும். நல்ல பழம் மண்டிக்கு, வெடித்தது ஒயினுக்கு என்று ஆனது. அந்த ஏற்பாட்டால்தான் பந்தல் பிழைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நம்ம வீட்டுப் பழம் மதுவுக்குப் போவதா என்று ஒரு பிகு. மதுவுக்குப் போகாமல் குப்பைக்குப் போனால் என்ன கௌரவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருவாதவூர்க் கூடத்தில் நடந்ததை நீயே எத்தனையோ தடவை எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறாய். ஆனால் உன் நடிப்பில் நான் கொஞ்சம் நல்லவனாக வருவேன். உள்ளபடி நடந்தது இதுதான். பெண்ணின் அப்பா, "தோட்டத்துப் பழமெல்லாம் எங்க போகுது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "அழகருக்குங்க. பழம்னா மொதல்ல கோயிலுக்குத்தான்" என்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. முதலில் கறுக்கிற குலைக்கு நீ மஞ்சள் கயிறு கட்டிவைப்பாய். அது அழகருக்கு. எவ்வளவு நஷ்டத்திலும் அந்தக் குலையை நீ விற்றதில்லை. அந்த ஒரு குலையை வைத்துக்கொண்டு நான் ஒன்றரை ஏக்கரையும் மூடப் பார்த்தேன். பெண்ணின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நீ சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கழுவிக் கழுவிச் சிவந்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு கொலதாங்கய்யா அழகருக்கு. மிச்சமெல்லாம் மண்டிக்குப் போகும். வெடிச்சது ஒயினுக்குப் போகும்" என்றாய். "சாராயத்துக்கா?" என்றார்கள் அந்தம்மா. அப்பா மட்டும் மரியாதையாக, "கலந்து பேசிட்டுச் சொல்லி விடுறோம்" என்றார். சொல்லிவிடவே இல்லை.

திரும்பி வரும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் கோபத்தில் வண்டியை விரட்டினேன். ஒத்தக்கடை தாண்டியதும் என் காதருகே குனிந்து, "ஏன் மச்சான், அம்புட்டுப் பழத்தையும் அழகரே தின்னா, அவரு வயிறு என்னத்துக்காகும்?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். உனக்குக் கடைசிவரை அமையவில்லை. ஒரு வாரக் காய்ச்சலில் நீ போனபோது, கிளை கழித்துக் கவாத்து செய்த கொடிகளில் துளிர் வந்துகொண்டிருந்தது. தோட்டம் உன் அக்காவுக்கு வந்தது.

நிலத்தை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு ஆள் வைத்துப் பந்தலைக் காப்பாற்றி வருகிறாள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் போகிறாள். மஞ்சள் கயிறு இன்னமும் கட்டுகிறாள்.

இனி வளைக்க இடமில்லை, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம், உன் மருமகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா போனில் பேசினார். நல்ல மாதிரியான மனிதர்தான். ஜாதகம், படிப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டு, "அழகர்கோவில் ரோட்டுல ஒண்ணரை ஏக்கர் இருக்காமே உங்களுக்கு?" என்றார். இருக்கிறது என்றேன். "சும்மாவா கெடக்கு?" என்றார்.

"சும்மாதாங்க கெடக்கு" என்றேன், மாப்ளே.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொன்னது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சாப்பாட்டு மேசையில் உன் தோட்டத்துப் பழம் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. எந்த நிலத்தைக் காரணம் சொல்லி உனக்குப் பெண் தர மறுத்தார்களோ, அதே நிலத்தைக் காரணமாக வைத்து என் வீட்டுக்கு மாப்பிள்ளை வருகிறான். கொடியை வெட்டிக் கல் நட்டால் அதற்கு மதிப்பு. நான் அதற்கும் தலையாட்டினேன். திருவாதவூரில் பொய் சொன்னபோது உனக்கு நல்லது செய்வதாக எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. இந்தத் தடவை அதுகூட இல்லை.

நேற்று அவர்கள் வந்தார்கள். விளக்கு தங்கம் மாதிரி எரிந்தது. உன் மருமகள் கேசரிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பழத்தையும் வைத்துக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு குலையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, பழத்தைப் பாராட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "சும்மா கெடக்குற நெலந்தானே. கல்யாணத்தோட கல்யாணமா பிளாட் போட்டுட்டா பிள்ளைகளுக்கும் ஆச்சுல்ல" என்றார்.

உன் அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் போனில் சொன்னது தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று சத்தியமாக எனக்கே தெரியவில்லை. அதற்குள் உன் மருமகளின் குரல் கேட்டது.

"சும்மா கெடக்கலைங்க. நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்குறது அந்தத் தோட்டத்துப் பழந்தான். ஒரு கொல அழகருக்கு, மிச்சம் மண்டிக்கு, வெடிச்சது ஒயினுக்குப் போகும். எங்க மாமா போட்ட பந்தல்."

அச்சு அசல் உன் குரல். நீ நடித்துக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள் அல்லவா. அவர் கையில் பாதிக் குலை மிச்சம் இருந்தது. தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான், சிரித்தானா சங்கடப்பட்டானா தெரியவில்லை. "கலந்து பேசிட்டுச் சொல்லி விடுறோம்" என்றார் அவர். அதே வார்த்தை. கேட்டதும் எனக்குத் திருவாதவூர்க் கூடம் கண்ணில் வந்தது.

அவர்கள் போன பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உன் மருமகள் தட்டைக் கழுவிக்கொண்டே, "மாமா இருந்தா இன்னேரம் ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சிருப்பாருல்லப்பா" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். நீ சொன்ன உண்மையால் உன் கல்யாணம் நின்றது. அவள் சொன்னதால் அவளுடையது நிற்குமோ என்னவோ. நான் சொன்ன பொய்களால் எனக்கு இதுவரை ஒன்றும் நிற்கவில்லை. வேலை, வீடு, கே.கே. நகரில் கேட் போட்ட வாசல் எல்லாம் இருக்கிறது. இந்த வெட்கத்தை மட்டும் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. சுமந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ராத்திரி தூறியிருக்கிறது. வாரக்காரர் விடிந்ததும் போன் செய்து, "யக்கா, இன்னிக்கே மருந்தடிக்கணும்" என்றாராம். உன் அக்கா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். "நானும் வாரேன்" என்றேன். அவள் என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள்.

துவைகல்லில் புளி இன்னும் இருக்கிறது மாப்ளே. இத்தனை வருஷத்தில் என் விரலில்தான் தேய்த்துக் கழுவ நீலம் ஒட்டவே இல்லை.