வேர் இருக்கும் பாதி

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில் நீ, ‘போனாப் போகுது விடும்மா, மேலதிகாரிகிட்ட ஒரு சாரி சொல்லிட்டு வா’ என்றாய். அப்பா பாதியைச் சொல்லி உன்னைக் கலங்க வைத்திருக்கிறார், முழுசையும் கேள்.

எங்கள் அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இயக்குநருக்கு எதைப் பார்த்தாலும் ஒழித்துக்கட்ட வேண்டும், நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். நான் லீவில் இருந்தபோது கிடங்கைச் சுத்தம் செய்ய இறங்கியிருக்கிறார். புதைபடிவக் கல்லைப் பிளந்தால் புத்தகம் விரித்த மாதிரி இரண்டு பாதி வரும், இரண்டிலும் ஒரே இலை தெரியும். மனுஷன் ‘ஒரே படம் எதுக்கு ரெண்டு’ என்று நான் ஆராய்ந்த பெரணிச் செடிக் கல்லில் அழகான மேல்பாதியை வைத்துக்கொண்டு கீழ்ப்பாதியை நடைபாதை போடுகிற கொத்தனாரிடம் கொடுத்துவிட்டார், அவரும் பாவம் சிமெண்டில் பதித்துவிட்டார். அந்தக் கீழ்ப்பாதியில்தானடி வேர் இருக்கிறது! இலை வெள்ளத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் மிதந்து வரும், வேர் மிதந்து வந்து சேற்றுக்குள் நேராக இறங்குமா? அது அங்கேயே முளைத்து அங்கேயே நின்ற செடி. பெரணிக்கு விதையே கிடையாது, ஈரம் இல்லாவிட்டால் வம்சம் விருத்தியாகாது. அந்த வேரையும் கல்லாகிப்போன சேற்றையும் வைத்துத்தான், மனுஷ ஜாதியே பிறக்காத காலத்தில் இந்த இடம் தண்ணீர் தேங்கிய காடு என்று எழுதினேன்.

இப்போது கண்காட்சிப் பலகையில் ‘வறண்ட சமவெளி, இலை வேறெங்கிருந்தோ அடித்து வரப்பட்டது’ என்று போட்டு, கீழே ஆய்வு என்று என் பெயர்! ஏன் என்றால் சுவர் முழுக்க மணல்காடு வரைந்தாயிற்றாம். ‘பெயிண்ட் அடிச்சாச்சு மேடம், இனிமே மாத்த முடியாது’ என்கிறார். வேரின் போட்டோவைக் காட்டினால் ‘நிழலா இருக்கும்’ என்கிறார். எத்தனையோ கோடி வருஷத்து மழையை ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டுக்காக நிறுத்திவிட்டாரே, என்ன தைரியம்!

கல்லைப் பெயர்த்தால் வேர் பொடிப்பொடியாகிவிடும். அதனால் அது இருக்கும் இடத்துக்கே நான் போகிறேன். நாளை திறப்பு விழா, மண்டபத்துக்கு அந்த நடைபாதை ஒன்றுதான் வழி. கல் பக்கத்தில் வாளியோடு நிற்பேன், தண்ணீர் ஊற்றினால் வேர் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். ‘அங்க நின்னீங்கன்னா வேலைய மறந்துடுங்க’ என்று துடைப்பம் சொல்லியனுப்பினார். மறந்துவிட்டேன் என்று பதில் சொல்லியனுப்பினேன். பயம் இல்லையா என்றால் இருக்கிறது. ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில் இது தேவையா என்று அப்பாவும் குதித்தார், இப்போது எந்த வாளி ஒழுகாது என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை போனால் போகட்டும், பொய்க்கு அடியில் என் பெயர் இருக்க விடமாட்டேன்.

நீ கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதே, தலைவலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே இருக்காதே. இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இருங்கள். எனக்காக வருத்தப்படாதே கண்ணு. நாளைக்கு அந்த மணல்காட்டைப் பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் ஈரக் காலோடுதான் உள்ளே போவார்கள்.

இப்படிக்கு,
வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்
உன் அம்மா