மஞ்சள் தொட்ட வடிதுணி

நண்பா,

இன்று குமாரபாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்தேன். அப்போதுதான் தறியிலிருந்து அறுத்த வெள்ளைத் துணி, கஞ்சி வாசனை மாறாமல் பாயில் கிடந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. போன பிறகும் நீ ஆளை நிம்மதியாக விடுவதில்லை.

பட்டணத்து மருத்துவக் கல்லூரியில் நமக்குக் கடைசி வருடம். நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் நரம்புச் சிலந்தி நோய் என்று, கோடை தொடங்கும் முன் நம்மை அனுப்பினார்கள். ஊருக்கே ஒரு படிக்கிணறு. புண்ணுள்ள காலோடு இறங்கி மொண்ட தண்ணீரையே குடிப்பார்கள். அதில் உள்ளே போகும் புழு, ஒரு வருடம் உடம்பில் வளர்ந்து, நூல் போலக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும். வீட்டுக்கு ஒரு துணி கல்லூரியே கொடுத்தது. வாசல் வாசலாக வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் அத்தனை துணியும் நம் கூடாரத்தின் முன் குவிந்து கிடந்தது. "விஞ்ஞானம் என்றாலே இவர்களுக்கு ஆகாது" என்றார் பேராசிரியர். எனக்கும் கோபம்தான். உனக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "ஏன்டா இருக்கும்?" என்று கேட்டபடியே செருப்பை மாட்டினாய்.

முதல் வீடு செல்லாயியுடையது. அவள் கூலியில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கோடை தவறாமல் சிலந்தி வந்து அவளைப் படுக்கவைத்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"ஏனுங்க சாமி, எங்கூட்டுக்காரரு மலைத் தோட்டத்துல வேலைக்குப் போயிருக்கறாரு. நீங்க பாட்டுக்குக் கரையில்லாத வெள்ளைக் கோடியக் கொண்டாந்து வாசல்ல வெச்சா, எம்பட மனசு என்ன பாடுபடுமுங்க? அது எழவு ஊட்டுல போடற துணியில்லீங்களா?"

நானும் சேலத்துக்காரன்தான். ஆஸ்பத்திரித் துணியாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தோன்றவில்லை. நீ ஆவலாகக் கேட்டாய், "அப்ப எப்படிக் கொடுத்தா வாங்கிப்பீங்க?"

"மூலையில மஞ்சத் தொட்டுக் குடுங்க. நல்ல காரியமுன்னு தெரியோணுமில்லீங்க?"

அன்று அவள் அரைத்துக் கொடுத்த மஞ்சளை, வருங்கால டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்து துணி மூலைகளில் தடவினோம். "இது எந்தப் பாடபுத்தகத்தில் இருக்கிறது?" என்று பேராசிரியர் முறைத்தார். "சேர்த்துக்கொள்ளலாம் சார்" என்றாய். மாலைக்குள் ஒரு துணி மிச்சமில்லை. அடுத்த வாரம் ஊரார் தாங்களாகவே படியை அடைத்து, வாளியில் இறைக்கக் கப்பி கட்டினார்கள்.

செல்லாயி மட்டும் விடவில்லை. "சிலந்தி இந்தக் கோடைக்கே நின்னு போயிருங்களா?"

பொய் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். "இல்லைம்மா. உள்ளே போனது இந்தக் கோடையில் வரும். அடுத்த கோடையில் வராது. நானே வந்து உங்க காலைப் பார்க்கிறேன்" என்றாய்.

ஐப்பசி மழையில் உனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிதற்றலுக்கு நடுவிலும் "செல்லாயி வடிகட்டுறாளாடா?" என்றுதான் கேட்டாய். எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் காய்ச்சலிலேயே நீ போய்விட்டாய்.

இப்போதெல்லாம் யாராவது மருந்தை வேண்டாம் என்றால், எனக்குக் கோபம் வருவதற்குள் உன் "ஏன்டா இருக்கும்?" வந்துவிடுகிறது. உட்கார்ந்து கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் இதுவரை உனக்கு எழுதாமலே இருந்தேன். மறுவருடம் சித்திரையில் அந்த ஊருக்குத் தனியாகப் போனேன். செல்லாயி வீடு பூட்டிக் கிடந்ததைக் கண்டு, அக்கம்பக்கம் விசாரித்துக்கொண்டு தேடிப் போனேன். அவளோ காட்டில், மற்றப் பெண்களோடு எரு சுமந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூடையை இறக்கினாள்.

"கேள்வி கேக்கற சாமி வரலீங்களா?"

நீ ஐப்பசியிலேயே போய்விட்டதைச் சொன்னேன்.  அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, கால் இரண்டையும் என் முன்னால் நீட்டினாள்.

"அவரு பாக்கறேன்னாருங்க. அவருக்காக நீங்க பாருங்க."

குனிந்து பார்த்தேனடா. பழைய தழும்புகள் மட்டும்தான் இருந்தன.