புகையைச் சொல்லாதே என்றவர்

14 டிசம்பர் 1983, புதன்

இன்று டாக்டர் முன்னால் இவர் வாய் கூசாமல் பொய் சொன்னார். மகள் ஷீலாவுக்குக் காய்ச்சலும் இருமலும் விடவே இல்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து நிமோனியா என்றார். "வீட்டுப் பக்கம் புகை உண்டா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல டாக்டர், பனிதான்" என்றார் இவர். மல்லாபூரில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே நிற்பது இவர் ஃபோர்மேனாக இருக்கும் ஃபாக்டரியின் புகைபோக்கி!

நான் சொல்லிவிட்டேன். பனிக்காலத்தில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இருமுகின்றன என்று. காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதுதான், ஆனால் புகையில் புண்ணான நெஞ்சில் சுலபமாக இறங்கிவிடும் என்றார் டாக்டர். ஊசி போட்டு, குளிர் போகும்வரை பிள்ளையை வேறு இடத்தில் வைக்கச் சொன்னார்.

புகை இல்லாத திருமுல்கேரியில் என் அக்கா வீட்டில் விட்டு வந்தோம். பஸ்ஸில் இவர், "புகையைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? என் வேலைக்கே உலை வச்சிட்டியே" என்றார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்களுக்கு அக்கா இருக்கிறாள். பக்கத்து வீட்டு எல்லம்மா எங்கே போவாள்? அவள் மகனுக்கும் இதே இருமல். நேரே போய் டாக்டர் சொன்னதைச் சொல்லி, நாளை என்னோடு வா என்றேன். அவள் புருஷனும் இதே ஃபாக்டரியில்தான் மூட்டை தூக்குகிறான். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு கத்துவாரக்கா" என்றாள். பிறகு, "வரேன்" என்றாள்.

உள்ளே இவர் தூக்கத்தில் இருமுகிறார். இன்றைக்கு எழுந்துபோய்த் தண்ணீர் கொடுக்க மாட்டேன்.