பம்ப் ஹவுஸ் கிணற்று முதலை

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. அண்டசராசரமும் ஊறிப்போய்விட்டது. ஊரின் அத்தனை வீட்டுச் சாக்கடையும் கப்பம் கட்ட என் அரண்மனைக்கு வருகிறது. அரண்மனை என்றால் கழிவுநீர் பம்ப் ஹவுஸ். ஒரு கிணறு, ஒரு மோட்டார், பின்னால் நாலு குட்டை. குட்டையில் தெளிந்த நீர் புல்வயலுக்கு. சக்கரவர்த்தி நான். மந்திரி, சேனாதிபதி, காலாட்படை எல்லாம் ஒரே ஆள்: தங்கை புருஷன் செல்வம். வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மதியம் அவன் மகள் கனகா தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்தாள். கிணற்றில் ஒரு முதலை இருக்கிறது, போன வருஷம் இரண்டு எருமையை முழுங்கியது என்றேன். பத்தாம் வகுப்பு படிக்கிறவள், நம்புவாளா.

"எம்புட்டு நீளம் மாமா?"

"தலை இங்கன இருக்கு. வாலு வண்டியூர்த் தெப்பக்குளத்துல கெடக்கு."

செல்வத்துக்குச் சிரித்துப் புரையேறியது.

வாங்க வேண்டியது: கிரீஸ், பினாயில், எனக்கு மூக்குப்பொடி மட்டை.

ஐப்பசி 5, புதன்

செல்வம் போய்விட்டான்.

ஐப்பசி 8, சனி

மழை விட்டிருக்கிறது. தூக்கம் இல்லை. நடந்ததை எழுதிவைக்கிறேன்.

புதன் காலை மோட்டார் நின்றது. குழாய் வாயில் சேலையோ சாக்கோ அடைப்பு. டீசல் எஞ்சின் வைத்து இறைத்தோம். முழங்கால் தண்ணீர் மிச்சம். மூடியைத் திறந்து ஒரு நாள் ஆறப்போட்டு, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவது எங்கள் வழக்கம். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். சாயங்காலம் பெண்ணழைப்பு, பந்தல் வாசலில் சாக்கடை.

விளக்கை இறக்கினேன். அணைந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும் மச்சான்."

"உள்ள விசவாயுடா. யானை எறங்கினாலும் எலும்புதான் மேல வரும்."

"நேத்து முதலை, இன்னிக்கு யானையா? பாவம், கல்யாண வீடு. இந்தா வாரேன்."

சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். யானையை விட்டுவிட்டு, 'வேண்டாம் மாப்ள' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அவன் கையைப் பிடித்திருக்கலாம்.

அடியில் குனிந்தவன் நிமிரவில்லை. நான் ஏணியில் கால் வைத்தேன். கல்யாண வீட்டு ஆள் இரண்டு பேர் இடுப்போடு பிடித்து இழுத்தார்கள். "பெரியவரே, ரெண்டு பொணமாயிரும்." தீயணைப்புக்காரர்கள் வந்து கொக்கி போட்டுத் தூக்கினார்கள்.

ஐப்பசி 10, திங்கள்

விசாரணை. கிணறு எத்தனை அடி என்று கேட்டார்கள். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் பாதாளம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். டேப் வைத்து அளந்தார்கள்.

பன்னிரண்டு அடி.

ஐப்பசி 20, வியாழன்

பதினாறாம் நாள் காரியம். வெயில். தங்கை என் முகம் பார்க்காமல் தட்டில் சோறு மட்டும் வைத்தாள். கை கழுவப் போனபோது கனகா பின்னாலேயே வந்தாள்.

"அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாகளா மாமா?"

"இல்லத்தா."

"எம்புட்டு நேரம்?"

முதலையைப் பற்றிக் கேட்ட அதே குரல்.

"கண்ண மூடித் தெறக்குற நேரந்தான்."

"நெசமா?"

"நெசம்."

தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

நாலு நிமிடம். வாட்ச் கட்டியிருந்தேன். அவன் கை ஏணியைத் தேடித் துழாவிக்கொண்டே இருந்தது.